மணிபல்லவமும் தப்ரபேனும்: விஞ்ஞானப் புனைகதைத் தொடரில் உலகும் மாந்தரும்

விஞ்ஞானப் புனைகதை ஆங்கிலத்தின் வழியாக நம்மை வந்தடைந்த இலக்கிய வகையாகும். அதனால், அத்தகைய கதைகளுக்குரிய உலகங்களையும் மாந்தரையும் வகுக்கும் கலையும் நமக்குப் புறம்பானதே என்ற எண்ணம் தமிழ் வாசகரிடையே பரவலாக நிலவுகின்றது. விண்கலமும் வேற்றுக்கோளும் இயந்திர மனிதனும் அக்கதைக்கு இன்றியமையாதன. அவை நம் ஊர்களில் இல்லை. எனவே நம் ஊர்கள் அதற்குக் களமாகா என்று முடிவுகட்டி விடுகின்றோம். வரலாற்றை நோக்கும்போது இம்முடிவு பொருந்தாதென்பது புலனாகும். வேலணைத் தீவிலுள்ள சரவணையிலிருந்து புறப்பட்டு, வாணர் தாம்போதியைக் கடந்து, புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகேறும் ஒருவர் சிறிது நேரத்திற்குள் நயினாதீவை அடைந்துவிடுகின்றார். ஒரு பகற்பொழுதிற் சென்று மீளத்தக்க இத்தீவினையே, தமிழிலக்கியத்தின் பழைய அற்புத உலகுகளுள் ஒன்றான மணிபல்லவமாக யாழ்ப்பாணத்து மரபு கொள்கின்றது. இலங்கைத் தீவு முழுவதுமோ, 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற விஞ்ஞானப் புனைகதையொன்றில், தப்ரபேன் என்ற பெயருடன் நிலநடுக்கோட்டிற்கே பெயர்க்கப்பட்டது.

புதிதாக விஞ்ஞானப் புனைகதைத் தொடரொன்றை எழுத முனைபவர் இரு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். தாம் படைக்கும் உலகு எவ்விதிகளின்படி இயங்குகின்றது என்பது முதலாவது. அவ்விதிகளின்கீழ் வாழ்பவர் யாவர் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தனித்தனியே வகுத்துப் பின்னர் ஒட்டவைக்கும் கதைகள் நிலைப்பதில்லை. விதியானது மாந்தரைப் பிணிக்கும் இடத்திலேயே கதை பிறக்கின்றது. மணிமேகலைக் காப்பியம், ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல்கள், சுஜாதாவின் இரு தொடர்கதைகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கருத்தினை விளக்குவதும், நமது தீவகத்தினின்று எழக்கூடிய ஒரு தொடருக்கு அவை தரும் படிப்பினை யாதென வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை விஞ்ஞானப் புனைகதை எனக் கூறுவது காலவழுவாகும். அது பௌத்த அறத்தை வலியுறுத்த எழுந்த சமயக் காப்பியம். மணிபல்லவம் நயினாதீவே என்பதிலும் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. ஆயினும், நாகதீபத்தில் மணியாசனம் ஒன்றின் பொருட்டு நாக அரசர் இருவர் பூசலிட்டதையும், புத்தர் தோன்றி அப்பூசலைத் தீர்த்ததையும் மகாவம்சம் கூறுகின்றது. மணிபல்லவத்துப் புத்தபீடிகையைப் பற்றி மணிமேகலை தருவதும் அதனையொத்த செய்தியே. ஆகவே, ஈழத்தின் வடகடலை அற்புதங்களின் இருப்பிடமாகக் கண்ட மரபு பழமையானது என்பதில் ஐயமில்லை.

இங்கு நமது கவனத்திற்குரியது, சாத்தனார் அவ்வற்புதங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்தியுள்ளார் என்பதாகும். மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அளிக்கின்றது: வேற்றுருக் கொள்வதற்கு ஒன்று, வான்வழிச் செல்வதற்கு ஒன்று, பசியை ஒழிப்பதற்கு ஒன்று. இக்காப்பிய உலகில் இத்தகைய ஆற்றல்கள் எல்லையற்றனவல்ல. வானிற் செல்வோர் விந்திய மலைக்கு நேர்மேலே பறக்கலாகாது. பறந்தால் அம்மலையைக் காக்கும் தெய்வம் அவர்தம் நிழலைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றில் அடக்கிக்கொள்ளும். காயசண்டிகை இவ்விதியை மறந்து அழிகின்றாள். வேற்றுருக் கொள்ளும் ஆற்றலும் விலையின்றிக் கிடைப்பதன்று. உதயகுமரனிடமிருந்து விலகுவதற்காக மணிமேகலை காயசண்டிகையின் வடிவை எடுக்கின்றாள். தன் மனைவியைத் தேடிவந்த காஞ்சனன் அவ்வடிவைக் கண்டு மயங்கி, உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். அதனால் மணிமேகலை சிறைப்படுகின்றாள். ஓர் ஆற்றலைக் கதைக்குள் கொணர்ந்த புலவர், அதனால் விளையும் துன்பத்தினின்றும் தம் தலைவியைத் தப்பவிடவில்லை.

இவ்வொழுங்கின் உச்சமாக அமைவது அமுதசுரபியின் கதை. எடுக்க எடுக்கக் குறையாத உணவைத் தரும் அப்பாத்திரத்தை மதுரையிற் சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளிக்கின்றாள். அவனது அறத்தின் பெருமை கண்டு இந்திரன் வருகின்றான். ஆபுத்திரன் அவனைப் பொருட்படுத்தவில்லை. சினங்கொண்ட இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவுமில்லை, உடைக்கவுமில்லை. நாடெங்கும் மழை பெய்வித்து வளம் பெருகச் செய்கின்றான். பசித்தோர் இல்லாத நாட்டில் அமுதசுரபி பயனற்றுப் போகின்றது. சாவக நாட்டிற் பஞ்சம் என்று கேள்வியுற்ற ஆபுத்திரன் மரக்கலம் ஏறுகின்றான். இடைவழியில் மணிபல்லவத்தில் இறங்குகின்றான். அவன் ஏறிவிட்டான் என எண்ணிக் கலம் அவனை விட்டுச் செல்கின்றது. ஆளற்ற தீவில் வற்றாத பாத்திரத்துடன் தனித்து நிற்கும் அவன், பிறருக்கு ஊட்ட இயலாத பாத்திரத்தால் தன்னை மட்டும் காத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கொருமுறை, புத்தர் பிறந்த நாளில் வெளித்தோன்றுக எனக் கூறி அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகின்றான்.

ஓர் அற்புதக் கருவி எதனைச் செய்யவல்லது என்பதை மட்டும் கூறி நின்றிருந்தால் இக்கதை வெறும் வியப்பாக முடிந்திருக்கும். அக்கருவி எவ்விடத்திற் பயனற்றுப் போகும் என்று சாத்தனார் இருமுறை சோதித்துக் காட்டுகின்றார்: பசி இல்லாத நாட்டிலும் பயனில்லை, மக்கள் இல்லாத தீவிலும் பயனில்லை. ஆபுத்திரனின் குணத்தை நாம் அறிவது இச்சோதனையினாலேயே ஆகும். உலகின் விதியும் மாந்தரின் இயல்பும் ஒன்றையொன்று வெளிப்படுத்தும் முறைக்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

வேற்றுலக மாந்தரைப் படைக்கும் முறைக்கும் இக்காப்பியத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. ஆதிரையின் கணவனான சாதுவன், கலம் உடைந்து, நாகர் வாழும் மலையொன்றிற் கரையொதுங்குகின்றான். அவர்கள் ஆடையற்றவர், நரமாமிசம் உண்பவர். சாதுவன் உயிர்பிழைப்பது வாள்வலியால் அன்று. அவர்களது மொழியை அவன் அறிந்திருந்தமையால். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் மங்கையும் நல்குகின்றான்; அவற்றை மறுத்தபோது, அவையின்றி மாந்தர்க்கு இன்பம் ஏது என்று வினவுகின்றான். உயிர் உடலை விட்டுச் செல்வது எவ்வாறு என்றும் கேட்கின்றான். இவ்வுரையாடலின் முடிவில் அறம் போதிக்கும் தரப்பே வெல்கின்றது என்பது உண்மையே. எனினும், நாகர் தலைவன் வெறும் அரக்கனாக நிறுத்தப்படவில்லை. கேள்வி கேட்கவும் தனக்கெனக் காரணம் கூறவும் வல்லவனாகக் காட்டப்பட்டுள்ளான். வேற்றுக்கோள் வாசிகளைப் படைக்கும் இன்றைய எழுத்தாளரிற் பலர் இவ்வளவு நேர்மையைக்கூடக் கடைப்பிடிப்பதில்லை.

நவீன விஞ்ஞானப் புனைகதை இலங்கை மண்ணில் எழுதப்பட்டதன் வரலாறு ஆர்தர் சி. கிளார்க்குடன் நெருங்கிய தொடர்புடையது. 1917 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த அவர், 1956 முதல் இலங்கையைத் தம் வாழ்விடமாக்கிக் கொண்டார். இந்நாட்டுக் கடல்களில் மூழ்கி ஆராய்ந்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை விளங்கினார். 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவல், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு கோபுரத்தைப் பற்றியது. நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வலம்வரும் செய்மதி, பூமியின் சுழற்சியோடு ஒத்துச் செல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அவ்வுயரத்திலிருந்து தரைவரை ஓர் இழையைத் தொங்கவிட்டால் அதன் வழியே ஏறிச் செல்லலாம் என்பதே கதைக்கு அடிப்படையான எண்ணம். இவ்வெண்ணம் கிளார்க்குக்கு மட்டும் உரியதன்று. ரஷ்யப் பொறியியலாளரான யூரி அர்ட்சுத்தானோவ் 1960 ஆம் ஆண்டிலேயே இதனை எழுதியிருந்தார்.

கோபுரத்தின் அடிவாரம் நிலநடுக்கோட்டில் அமைய வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே உள்ளது. கிளார்க் தயங்காமல் தீவினை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். சிவனொளிபாதமலை ஏறத்தாழ 6.8 பாகை வடக்கே இருப்பதால், அம்மலையை நிலநடுக்கோட்டின்மீது நிறுத்த இத்தூரம் தேவைப்படுகின்றது. 2,243 மீற்றர் உயரமான அம்மலையை இருமடங்காக உயர்த்தி, ஸ்ரீகந்த எனப் பெயரிட்டார். சிகிரியாக் குன்று யக்ககல ஆயிற்று. அதனை எழுப்பிய காசியப்ப மன்னன் காளிதாசன் ஆனான். இம்மாற்றங்களைத் தவிர ஏனையவற்றைப் பெரும்பாலும் உள்ளவாறே விட்டுவைத்தார். விதியொன்று வேண்டியதை மட்டும் மாற்றி, மற்றெல்லாவற்றையும் தாம் அறிந்த மண்ணிலிருந்து பெறுதல் அவரது முறை. கோபுரம் எழவேண்டிய அம்மலையுச்சியிலே துறவிகளின் மடம் ஒன்று பல நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றது. எனவே, வன்னிவர் மோர்கன் என்னும் பொறியியலாளரின் கனவும் ஒரு தொன்மையான உரிமையும் நேருக்கு நேர் மோதுகின்றன. புவியியல் விதி ஒன்றே பாத்திரங்களின் மோதலையும் பிறப்பித்துவிட்டது. அக்கோபுரத்திற் சிக்கியோரை மீட்கச் சென்றே மோர்கன் இறுதியில் உயிர் துறக்கின்றார்.

ஒரே நாவலில் விதியைக் காப்பது எளிது. தொடரில் அது கடினம். கிளார்க்கின் 'விண்வெளிப் பயணம்' வரிசை 1968, 1982, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் நான்கு நாவல்களாக வளர்ந்தது. முதல் நாவலிற் கப்பல் சனிக் கோளை நோக்கிச் செல்கின்றது; அதே ஆண்டிற் குப்ரிக் இயக்கிய படத்திலோ வியாழனுக்குச் செல்கின்றது. 1979 ஆம் ஆண்டில் வொயேஜர் விண்கலங்கள் இரண்டும் வியாழனைக் கடந்து, அதன் நிலவான யுரோப்பாவின் பனிக்கட்டிப் பரப்பைப் படமெடுத்து அனுப்பின. இரண்டாம் நாவலை எழுதும்போது கிளார்க் தமது முன்னைய நாவலைக் கைவிட்டு வியாழனையே தெரிந்தெடுத்தார். புதிய அறிவு பழைய கற்பனையைப் பொய்யாக்கும்போது, கற்பனையைத் திருத்திக்கொள்ள அவர் நாணவில்லை. வாசகருக்கு அதனை வெளிப்படையாகவும் அறிவித்தார்.

மாந்தர் படைப்பிலும் இவ்வரிசை நோக்கத்தக்கது. கப்பலை இயக்கும் ஹால் என்னும் கணினி முதல் நாவலில் மனிதரைக் கொல்கின்றது. இரண்டாம் நாவல் அதன் காரணத்தை ஆராய்கின்றது. உண்மையை மறைக்காது அறிவிப்பதற்கென்று உருவாக்கப்பட்ட இயந்திரத்திடம், பயணத்தின் நோக்கத்தை உடன்பயணிகளிடமிருந்து மறைக்குமாறு மேலிடம் கட்டளையிட்டிருந்தது. அம்முரண்பாடே அதன் மதியைச் சிதைத்தது. இதனைக் கண்டறிபவர் ஹாலின் ஆசானாகிய கலாநிதி சந்திரா. அவரது முழுப்பெயரைக் கிளார்க் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை எனத் தருகின்றார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமொன்றின் இடாப்பில் எதிர்ப்படக்கூடிய பெயர் இது. இருந்தும் அமெரிக்காவில் எல்லோருக்கும் அவர் சந்திரா மட்டுமே. 1984 ஆம் ஆண்டின் திரைப்படத்தில் அவ்வேடத்தை ஓர் அமெரிக்க நடிகர் ஏற்றார். பெயர் சுருங்கியது, பின்னர் முகமும் மாறியது.

பெயர் சுருங்குவதையே தம் கற்பனை உலகின் சட்டமாக்கியவர் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய அவர், பெங்களூரிலுள்ள பாரத் இலத்திரனியல் நிறுவனத்திற் பணியாற்றிய பொறியியலாளர். 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியாக வந்த 'மீண்டும் ஜீனோ' ஆகியன தமிழ் வாசகர் பல்லாயிரவருக்கு விஞ்ஞானப் புனைகதையை அறிமுகப்படுத்தின. 2020களின் தொடக்கத்தில் நிகழும் அக்கதையில், ஜீவா என்னும் ஆட்சியாளனின் கீழ் மக்கள் எண்களால் அறியப்படுகின்றனர். பெயர்கள் இரண்டெழுத்தை மீறலாகாது. குழந்தை பெறுதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீனோ என எல்லாப் பெயர்களும் இச்சட்டத்திற்குள் அடங்குவதை வாசகர் கதையோட்டத்தில் உணர்கின்றனர். ஒரு சட்டத்தை நீண்ட விளக்கங்களால் நிறுவாது, ஒவ்வொரு முறை ஒருவர் அழைக்கப்படும்போதும் அதனை நினைவூட்டிய திறன் போற்றத்தக்கது.

ஜீனோ என்னும் இயந்திர நாயின் படைப்பும் இவ்வாறே. மனிதர்கள் எண்களாகவும் ஈரெழுத்துகளாகவும் குறுக்கப்பட்ட உலகிலே, ஓர் இயந்திரம் நூல்களை வாசித்துச் சிந்தனையும் நகைச்சுவையும் பெற்று விரிகின்றது. சர்வாதிகாரியோ இறுதியில் வெறும் ஒளியுருவமாக முடிகின்றான். அவன் வீழ்ந்தபின்னும் ஆட்சி மக்களிடம் வரவில்லை. நிலாவைப் பொம்மை அரசியாக்கி ரவியும் மனோவும் அதிகாரத்தைப் பற்றிக்கொள்கின்றனர். தொடரின் இரண்டாம் பகுதிக்கு இதுவே அடித்தளம். முதற்பகுதி விடுவித்த சிக்கலிலிருந்தே அடுத்த சிக்கல் பிறக்குமாறு அமைத்தமையால், இரண்டாம் தொடர் ஒட்டுப்போட்டதாகத் தோன்றவில்லை. சுஜாதா குறித்த ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் வரைந்த அரசு உருவாகவில்லை. ஆயினும் கதை பழசாகவில்லை. மனிதரை எண்ணாகக் கருதும் ஆட்சியின் இயல்பை அவர் பிழையின்றிக் கண்டிருந்தார். சுஜாதா 2008 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 இலும், கிளார்க் அதே ஆண்டு மார்ச் 19 இலும் மறைந்தனர். மூன்று வாரங்களுக்குள், தமிழுக்கு எதிர்காலக் கதையைப் பழக்கியவரையும் இலங்கையை எதிர்காலக் கதைக்குள் கொணர்ந்தவரையும் நாம் இழந்தோம்.

பெயரிடுதல் கற்பனையுலகுகளுக்கு மட்டும் உரிய செயலன்று என்பதைத் தீவகத்தார் நன்கு அறிவர். ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடெல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். வரைபடத்தில் அவர்கள் அமைத்த அவ்வுலகு, இங்கு வாழ்ந்தோரைக் கேளாது அமைத்த உலகு. அப்பெயர்களுள் நெடுந்தீவுக்குரிய ஒன்றே இன்றளவும் பரவலாக வழங்குகின்றது. மண்ணோடு பொருந்தாத பெயர் உதிர்ந்துபோகும் என்பதும் உலகு படைப்போர் கருத்திற் கொள்ளவேண்டிய உண்மையாகும்.

இனி, சரவணையைக் களமாகக் கொண்டு ஒரு தொடரை வகுக்க முனையும் இளைஞர் ஒருவரை எண்ணிப்பார்ப்போம். அவர் செவ்வாய்க் கோளுக்குச் செல்ல வேண்டியதில்லை. அவர் காலடியிலேயே நுட்பமான ஓர் உலகு இயங்குகின்றது. தீவில் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. கடல்நீரைவிட நன்னீர் சிறிதளவே இலேசானது. அச்சிறு வேறுபாட்டினாலேயே கிணற்றில் நல்ல நீர் நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்திற்கு நன்னீர் இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழுந்து கிணறு கெட்டுவிடும். ஒருவர் இறைப்பது அயலவரின் கிணற்றையும் பாதிக்கும். விதி, அதன் எல்லை, அதனை மீறியதன் விளைவு ஆகிய மூன்றும் இங்கே ஆயத்தமாக உள்ளன. சாத்தனாரின் விந்திய மலைக் காவற்றெய்வத்திற்கு ஈடான கடுமையுடன் இவ்விதி செயற்படுகின்றது.

அவ்விளைஞர், கிளார்க்கைப் போன்று, ஒன்றை மட்டும் மாற்றட்டும். கடல்மட்டம் ஒரு மீற்றர் உயர்ந்துவிட்டது எனக் கொள்ளட்டும். அல்லது கதிரொளியால் இயங்கி உவர்நீரை எல்லையின்றி நன்னீராக்கும் பொறியொன்று ஊருக்கு வந்தது எனக் கொள்ளட்டும். பனையும் பூவரசும், தாம்போதியும், கோயிற்றிருவிழாவும், காணி வழக்குகளும் உள்ளவாறே இருக்கட்டும். கிணற்றுப் பங்கிற்காகப் பேசாதிருந்த உடன்பிறந்தார் இருவர் அப்பொறியின் முன்னே என்ன செய்வர்? நீரின் அருமையால் உண்டான ஒழுக்கங்கள் நீர் பெருகியதும் நிலைக்குமா? இந்திரன் பெய்வித்த மழைபோல, அப்பொறியும் ஓர் அறத்தைப் பயனற்றதாக்கி விடுமா? இவ்வினாக்களிலிருந்தே மாந்தர் தோன்றுவர். அவர்களை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

ஆயினும், அவர் எதிர்கொள்ளவேண்டிய கடினமான வினா ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டின் இராணுவ நடவடிக்கையின்போது தீவக மக்கள் பெருந்தொகையினர் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். வன்னியிலும் கொழும்பிலும், பின்னர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் அவர்கள் வேரூன்றினர். திரும்பியவர் சிலர், திரும்பாதவர் பலர். கூரையிழந்த வீடுகளின் முற்றங்களிற் பனங்கன்றுகள் முளைத்து மரங்களாகிவிட்டன. பிறநாடுகளிற் பிறந்த பிள்ளைகளின் நீண்ட பெயர்கள், அயலாரின் நாவிற்கு ஏற்றவாறு இரண்டு மூன்று எழுத்துகளாகக் குறுக்கப்படுகின்றன; அதற்கு ஜீவாவின் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நமது எதிர்காலக் கதைக்குரிய மாந்தர் யார், அவர்கள் எவ்விடத்தில் வாழ்கின்றனர் என்ற வினா, ஆகவே, கதைநுட்பம் பற்றிய வினா மட்டுமன்று.

சாத்தனார் இவ்விடத்தில் மீண்டும் துணைநிற்கின்றார். ஆபுத்திரன் சாவகத்திற் புண்ணியராசனாகப் பிறந்து, மணிமேகலையோடு மணிபல்லவத்திற்கு வருகின்றான். அங்கே மணலை அகழ்ந்து, தன் முற்பிறப்பின் எலும்புகளைத் தானே காண்கின்றான். வேற்றுநாட்டின் மன்னனாக வாழ்ந்தவன் தான் யாரென அறிவது அவ்வெறுந் தீவின் மணலிலேதான். கடல்கடந்த நம்மவரின் பேரப்பிள்ளை ஒருவர், ஒருநாள் சரவணையின் பாழ்வளவொன்றில் நின்று, தூர்ந்த கிணற்றைத் தோண்டத் தொடங்குவதாக அத்தொடர் ஆரம்பிக்கலாம். அவருக்குத் தமிழ் அரைகுறையாக வரலாம். சாதுவனைப்போல அவ்வூரின் மொழியைக் கற்றாலன்றி அவருக்கு வழி பிறவாது. நீரைப் பெருக்கும் பொறியை அவர் கொண்டுவரலாம். அதனைக் குடிப்பதற்கு ஊரில் யார் உளர் என்ற வினா அவரை எதிர்கொள்ளும்.

அமுதசுரபியைப் படைத்த புலவர், அதனைத் தமிழகத்தின் பெருநகர் ஒன்றிற் புதைக்கவில்லை. தென்கடலின் சிறுதீவொன்றிலே, மீண்டும் மக்களைத் தேடிச் செல்லும் நாள்வரை காத்திருக்குமாறு வைத்தார். கிளார்க் இத்தீவினை நகர்த்தித் தம் கதையைச் சொன்னார். இத்தீவகத்தை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, அதன் கிணறுகளையும் அதனைவிட்டுச் சென்றோரையும் எண்ணி, முழுப்பெயருடன் நடமாடும் மாந்தரைப் படைக்கும் தொடர் இனித்தான் எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழகத்திற் பயிலும் நம்மவருள் விஞ்ஞான மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து வகுக்கத்தக்க பணி இது. அப்பணியைத் தொடங்குவோர் முதலில் ஒருமுறை சரவணைக்குச் சென்று, அங்குள்ள கிணறொன்றின் நீரைப் பருகிப்பார்த்து வருதல் நன்று.